மாப்பிள்ளை அனுப்பிய பெட்டியும் என் வலது காதும்

பேரன்பும் பெருமதிப்பும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் ஆசிகள் கூறி எழுதுவது.

இங்கே இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் பொய் எழுதிப் பழக்கமில்லை. என் மனைவி, அதாவது உங்கள் அத்தை, பூரண சுகம். நான் முக்கால் சுகம். மீதிக் கால் பாகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் தேக நலம், உத்தியோகம், என் மகளின் தேக நலம், அவளுடைய கோபதாபம் எல்லாம் வழக்கப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு விசாரிப்பை இத்துடன் முடிக்கிறேன். நான் அறிக்கைச் சுருக்கப் பிரிவில் முப்பத்துமூன்று வருடம் குப்பை கொட்டியவன் என்பது உங்களுக்குத் தெரியும். நானூறு பக்கமாக வருவதை நாற்பது பக்கமாக்கி மேலிடத்துக்கு அனுப்புவது என் வேலை. ஆகவே வளவளவென்று எழுத மாட்டேன்.

என் கோரிக்கைகள் இரண்டு. ஒன்று, நீங்கள் எனக்கு அனுப்பிய பெட்டியைத் தயாரித்த கம்பெனிக்கு நறுக்கென்று ஒரு கண்டனக் கடிதம் எழுத வேண்டும். இரண்டு, இருபதாம் தேதி உங்கள் அத்தை அங்கே புறப்பட்டு வந்து மூன்று மாதம் தங்குவதாக இருக்கும் ஏற்பாட்டை, என் வலது காதை முன்னிட்டு, மறு அறிவிப்பு வரும்வரை தள்ளிப்போட வேண்டும்.

இந்தப் பயண ஏற்பாடு எப்படி வந்தது என்று உங்களுக்கு ஒரு தரப்பு மட்டும் தெரிந்திருக்கும். என் தரப்பையும் கேளுங்கள். ஓய்வு பெற்றபின் சுருக்குவதற்கு எனக்கு அறிக்கை இல்லை. கை பரபரத்தது. வீட்டில் இருந்தது உங்கள் அத்தையின் பேச்சுதான், அதைச் சுருக்க ஆரம்பித்தேன். அவள் எதையும் இரண்டு தடவை சொல்கிறவள். "கேஸை மூடிட்டீங்களா" என்பாள். மூடிவிட்டேன் என்பேன். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்து, "கேஸை மூடினீங்கல்ல" என்பாள். இது முன்பே கேட்கப்பட்டு விடையளிக்கப்பட்டுவிட்டது என்று சொல்வேன். இதில் என்ன தவறு, நீங்களே சொல்லுங்கள். கடைக்குப் போக அவள் எழுதிக் கொடுத்த பட்டியலில் ஒரு நாள் சோப்பு இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்றை அடித்துவிட்டு ஒன்று வாங்கி வந்தேன். முதல் சோப்பு குளிக்க, இரண்டாவது துணிக்கு என்பது எனக்கு எப்படித் தெரியும். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுப் போர்வை, திரைச்சீலை, கால்மிதி எல்லாம் ரோஜா வாசனை வீசின. நான் அதைப் பாராட்டிக்கூடப் பேசினேன். அன்று சாயங்காலம் அவள் மகளோடு போனில் பேசினாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். "ஒரு பேச்சை முழுசா பேச விட மாட்டேங்கிறாரும்மா. நான் பாதி சொல்லும்போதே மீதியை வெட்டிடுறாரு. வாயைத் திறக்கவே பயமா இருக்கு" என்றாள். அதற்கு என் மகள் சொன்ன யோசனைதான் மூன்று மாதம். அப்பாவுக்குத் தனியாகப் பொழுது போக வேண்டுமே என்று நீங்கள் பெரிய மனது வைத்து அனுப்பியதுதான் இந்தப் பெட்டி.

பெட்டி என்றால் முழுப் பெட்டி அல்ல, பெட்டியாக ஆக வேண்டிய எண்பதுச் சொச்சம் உதிரிகள். நாங்கள் புது ஆம்ப்ளிஃபயர் வாங்கிய நாளிலிருந்து எங்கள் ரிக்கார்டு பிளேயர் ஊமை. ஊசி எழுப்புகிற சத்தம் கொசு நடக்கிற சத்தத்தைவிடச் சின்னதாம். அதை வளர்த்து ஆளாக்கி ஆம்ப்ளிஃபயரிடம் ஒப்படைக்க நடுவில் ஒரு பெட்டி வேண்டுமாம். கடைக்காரர் விற்கும்போது அதைச் சொல்லவில்லை. ஆறு வருடமாக உங்கள் அத்தையின் நூற்றுப்பத்து ரிக்கார்டுகளும் பீரோவுக்கு மேல் படுத்துக் கிடந்தன. மாதம் ஒரு தடவை இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றுவாள். நானே கையால் ஈயம் உருக்கிப் பற்றவைத்து, பழைய ரேடியோவுக்குள் மஞ்சளாக எரியுமே அந்த மாதிரிக் கண்ணாடி வால்வு மாட்டி, அந்த நடுப் பெட்டியைச் செய்துகொள்ளலாம் என்றது நீங்கள் அனுப்பிய அட்டைப்பெட்டியின் மூடி. மூன்று மாதப் பொழுதுக்கு என்று நீங்கள் அனுப்பியதை நான் பதினோரு நாளில் முடித்தேன். ஏன் இந்த அவசரம் என்றால், பாட்டு கேட்க ஆரம்பித்துவிட்டால் உங்கள் அத்தைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப மனம் வராது என்பது என் எண்ணம். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. செய்து காட்டுவதை வாயால் வேறு சொல்வானேன்.

முதல் இரண்டு நாள் செய்முறைப் புத்தகத்தைப் படித்தேன். மாப்பிள்ளை, அப்படி ஒரு வளவளப்பை நான் பணிக்காலத்தில்கூடப் பார்த்ததில்லை. ஐம்பத்துநான்கு பக்கம். அதில் ஒவ்வொரு பத்தியும் இரண்டு தடவை அச்சாகியிருக்கிறது. பதினான்காவது பத்தியில், இடப்பக்கத்து இன்ன துளையில் இன்ன ரெசிஸ்டரை நுழைத்துப் பற்றவைக்கவும் என்று இருக்கும். பதினைந்தாவது பத்தியில் அதே ரெசிஸ்டர், அதே வாசகம், இடப்பக்கம் என்பதற்குப் பதில் வலப்பக்கம் என்று மட்டும் இருக்கும். தட்டச்சு செய்தவருக்குச் சந்தேகம் வந்து இரண்டையும் அடித்து வைத்திருக்கிறார், மேலே இருந்தவர் எதை நீக்குவது என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். என் பிரிவில் இப்படி நடந்திருந்தால் விளக்கம் கேட்டிருப்பேன். இந்த மாதிரிச் சமயத்துக்கு எங்களிடம் ஒரு விதி உண்டு. முதலில் வருவது மூலம், பின்னால் வருவது நகல். சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஐம்பத்துநான்கு பக்கத்தை இருபத்தாறாக்கினேன். பொருள் ஒன்றும் குறையவில்லை. அதே போல, உள்ளே கை வைக்குமுன் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் காத்திருக்கவும் என்ற எச்சரிக்கை ஒன்பது இடங்களில் இருந்தது. எட்டை வெட்டினேன். நடுவில் ஒரு நாள் சோதித்துப் பார்க்க மின்சாரம் கொடுத்திருந்தேன். மிச்சம் வைத்த ஒன்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று இடது கையால் புரட்டிக்கொண்டே வலது கையை உள்ளே வைத்தபோதுதான் ஷாக் அடித்தது. நல்லவேளை, முழங்கையோடு போயிற்று. உங்கள் அத்தை ஓடி வந்து, "என்னாச்சு, என்னாச்சு" என்றாள். ஒரு தடவை கேட்டால் போதும் என்று சொல்ல நினைத்தேன். நாக்கு எழவில்லை.

பற்றவைப்பு எனக்குப் புது வேலை என்பதால் சிறுசிறு சேதங்கள் இருந்தன. சாப்பாட்டு மேசையில் ஒரு கறுப்பு வட்டம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது கொஞ்சம் உருகி, இப்போது சற்றுச் சாய்ந்தே பார்க்கிறேன். நான்காம் நாள் என் சட்டைக் கையின் நூலும் சர்க்யூட் போர்டும் ஒரே ஈயச் சொட்டில் சேர்ந்துகொண்டன. கையை எடுத்தால் போர்டும் வருகிறது. அப்படியே போய்க் கதவைத் திறந்து தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டேன். உங்கள் அத்தைதான் கத்தரிக்கோலோடு வந்து நூலை வெட்டி என்னை விடுவித்தாள். அவள் முப்பது வருடம் தையல் வகுப்பு நடத்தியவள், கை நடுங்காது. "நான் கொஞ்சம் பிடிக்கட்டுமா" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சிறிது நேரம் கழித்து, "நான் பிடிச்சுக்கட்டுமா" என்றாள். நான் பதில் சொல்லவில்லை, ஏற்கெனவே சொன்னதால்.

வேலை முடிந்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. கம்பெனியின் தாராள மனத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். பெட்டியில் எவ்வளவு தேவையோ ஏறக்குறைய அவ்வளவு உதிரிகளை உபரியாகவும் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி. இன்னொரு வால்வு வேறு, ஒன்று அணைந்துபோனால் போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு 'உபரி' என்று எழுதி ஒட்டினேன். போர்டில் வலப்பக்கம் முழுக்கத் துளைகள் காலியாக இருந்தன. அரசாங்கப் படிவங்களில் அலுவலக உபயோகத்துக்கு மட்டும் என்று கீழே கொஞ்சம் இடம் விடுவார்கள் அல்லவா, அப்படி ஏதோ என்று விட்டுவிட்டேன்.

பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு ரிக்கார்டு பிளேயரோடு முழு இணைப்புக் கொடுத்தேன். வால்வு மெல்லச் சிவந்து மஞ்சளாக எரிந்தது. எனக்குக் கண் கலங்கிற்று, மறைப்பானேன். முதலில் நான் கேட்டுச் சரிபார்த்துவிட்டு அப்புறம் அவளைக் கூப்பிடலாம் என்று, சென்ற தடவை நீங்கள் வந்தபோது கொடுத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரிக்கார்டின் மேல் ஊசியை வைத்தேன். இடது காதில் பாட்டு தேனாகக் கேட்டது. வலது காதில் ஒன்றுமில்லை. காதைக் குடைந்தேன், தட்டினேன், கொட்டாவி விட்டேன். ஊஹூம். பெட்டியைச் சந்தேகிக்க வழியில்லை, அதை நானே செய்தேன். ஆகவே காதுதான் போய்விட்டது. அது போன தேதி தெரியாமல் நான் எத்தனை நாளாக நடமாடிக்கொண்டிருக்கிறேனோ. ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். இப்போது வலது காது நன்றாகக் கேட்டது, இடது காது போய்விட்டது. சாதாரணச் செவிடு என்றால் ஒரு பக்கமாக இருக்கும். இது இடம் மாறுகிறது.

அவளிடம் ஒன்றும் சொல்லாமல் காது டாக்டரிடம் போனேன். அவர் கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்தார், காதருகே முள்கரண்டி மாதிரி ஒன்றைத் தட்டிப் பார்த்தார், பின்னால் நின்று முணுமுணுத்துப் பார்த்தார். "உங்க வயசுக்கு ரெண்டு காதும் பிரமாதமா இருக்கு சார்" என்றார். நான் நோய் இடம் மாறும் விஷயத்தை விளக்கினேன். அவர் பேனாவை மூடினார். "வீட்ல கூட யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். "இருபதாம் தேதி வரைக்கும் இருக்காங்க" என்றேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் மிகவும் தணிந்த குரலில் பேசினார். அந்தக் குரலும் இரண்டு காதிலும் கேட்டது என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன். என்றாலும் ஒரே ஒரு டாக்டரின் வார்த்தையை நம்பி என் காதை நான் விட்டுவிட முடியாது.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அத்தை கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெட்டி முடிந்துவிட்டதைப் பார்த்துவிட்டாள். பீரோ மேலிருந்து ஒரு ரிக்கார்டை இறக்கி மடியில் வைத்திருந்தாள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் வாங்கியது, ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுகிற பாட்டு. அவன் கேள்வி கேட்பான், அவள் பதில் சொல்வாள். புடவையைக்கூட மாற்றிக்கொண்டிருந்தாள், மாப்பிள்ளை. இரண்டு ஸ்பீக்கரிலும் இணைத்துப் பாட்டைப் போட்டேன். அவன் ஒரு கேள்வி கேட்டான். பிறகு மெல்லிய கரகரப்பு. அவன் அடுத்த கேள்வி கேட்டான். மறுபடி கரகரப்பு. பதில் கிடைத்த மாதிரியே அவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு மூன்றாவது கேள்விக்குப் போய்விட்டான். இவள் குனிந்து, தலையைச் சாய்த்து, கடைசிவரை கேட்டாள். "அவளை எங்க காணோம்?" என்றாள். பாட்டு அவள் இல்லாமலேயே புரிகிறதே என்றேன். சொன்னவுடனேயே சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. உங்கள் அத்தை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "நம்ம வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பரணிலிருந்து சூட்கேஸை இறக்கினாள்.

இப்போது உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆகவே, மாப்பிள்ளை, குறைபாடுள்ள சரக்கை விற்ற கம்பெனியை நீங்கள் சும்மா விடக் கூடாது. உங்கள் ஹெட்போனும் அவ்வளவு சிலாக்கியமில்லை, அது உங்கள் குற்றமல்ல. ஒரு பக்கச் செவிடோ, இரு பக்கமும் மாறி வரும் செவிடோ உள்ள மனிதனை மூன்று மாதம் தனியாக விடுவது உசிதமா என்று என் மகளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். டாக்டர் சொன்னதாகவும் சொல்ல வேண்டாம்.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி, மனஸ்தாபமின்றி, நல்ல காதுகளோடு நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து ரத்து செய்யவும். கம்பெனிக்கு ஒரு வரி எழுத வேண்டாம். அவர்கள் தங்கமான மனிதர்கள். காதுகள் இரண்டும் நலம். உங்கள் ஹெட்போன் முதல் தரம்.

நடந்தது இதுதான். உறையில் விலாசம் எழுத உங்கள் அத்தையிடம் கொடுத்தேன், அவள் கையெழுத்து மணியாக இருக்கும். அவள் கடிதத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். வெட்டாமல் படித்தாள். படித்துவிட்டுச் செய்முறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, என் சிவப்புக் கோடுகளுக்கு அடியில் இருந்ததை எல்லாம் விரல் வைத்துப் படித்தாள். பிறகு பிஸ்கட் டப்பாவை மேசையில் கவிழ்த்தாள். "ஏங்க, இது உபரி இல்லைங்க. இது பாதி. இடப்பக்கம் இடது ஸ்பீக்கர்ல பாடுற அவனுக்கு, வலப்பக்கம் வலது ஸ்பீக்கர்ல பாடுற அவளுக்கு. நீங்க அவளை மொத்தமா டப்பாவுல போட்டு மூடி வச்சிருக்கீங்க" என்றாள். முப்பத்துமூன்று வருடத்தில் இப்படி எத்தனை அறிக்கைகளின் வலப்பக்கத்தை வெட்டி மேலிடத்துக்கு அனுப்பினேனோ, நினைத்தால் பயமாக இருக்கிறது.

அவள் அதோடு விடவில்லை. கடிதத்தை மறுபடி எடுத்துப் புரட்டினாள். "இவ்வளவு பக்கம் எழுதியிருக்கீங்க. போகாதேன்னு எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றாள். தேடினேன். காது இருந்தது, கம்பெனி இருந்தது, ஹெட்போன் இருந்தது. அது இல்லை. அதனால் வாயால் சொன்னேன். "நீ போனா எனக்கு இந்த வீட்ல இருக்கப் பிடிக்காது. போகாதே" என்றேன். அவள் கடிதத்தை மேசையில் வைத்தாள். பிறகு, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது, மாப்பிள்ளை. எனக்கு இதுவரை தெரியாது.

பயணம் ரத்தாகவில்லை. பாட்டில் வரும் அந்தப் பெண் என்ன பதில் சொல்கிறாள் என்று இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவாளாம். ஆகவே பயணச்சீட்டைத் தேதி போடாமல் வைத்திருங்கள். வலப்பக்கத்தில் மொத்தம் எழுபத்திரண்டு பற்றவைப்புகள். சற்று முன் முதலாவதை வைத்தேன். அவள் ரெசிஸ்டரைப் பிடித்துக்கொண்டாள், நான் ஈயத்தை வைத்தேன். இரண்டாவதற்குக் கை நீட்டியபோது அவள் பற்றவைக்கிற கோலின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டாள். "இன்னிக்கு ஒண்ணு போதும். கண்ணு கெட்டுடும்" என்றாள். நான் எழுந்து கை கழுவிக்கொண்டு வருவதற்குள் சூட்கேஸைப் பரணுக்கு ஏற்ற நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஒரு நாளைக்கு ஒண்ணு போதுங்க" என்று மறுபடி சொன்னாள். முழுவதையும் கேட்டேன்.